பேரனின் விளையாட்டுப் பெட்டியும் புறம்போக்கு அலைவரிசையும்



போன பதிவின் முடிவில், அடுத்து நம் புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது தள்ளிப்போகிறது. மூன்று வாரமாக வேறொரு வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கிற கேம் பெட்டியில்தான் அது ஆரம்பித்தது. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மருமகளும் பேரனும் எங்களோடு இருக்கிறார்கள். பேரன் ஆறாவது படிக்கிறான். போனில் அப்பாவிடம் பேசச் சொன்னால், "சாப்டேம்பா, படிச்சேம்பா" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை அம்மா கையில் கொடுத்துவிடுவான். ஆனால் இரண்டு பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டியில் கார் ஓட்ட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் வாய் ஓயாது. கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்ததை எங்களிடம் மறைத்தவன், ஒரு வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டான். நமக்கு மாலை ஏழரை என்றால் அங்கே இரவு பத்து. மகன் வேலை முடிந்து அறைக்கு வந்து குளித்துவிட்டு உட்காரும் நேரம்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த முக்கால் மணி நேரம் உடைய ஆரம்பித்தது. குரல் விட்டு விட்டு வரும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் திரையில், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வந்துவிடும். ஒருநாள் பேரன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா பாதியிலேயே போயிட்டாரு அப்பத்தா. என்கூட வெளையாட அவருக்கு போர் அடிக்குது போல" என்றான்.

மகனிடம் தனியாகக் கேட்டேன். "பையன் வளந்துட்டான்லம்மா, என்கூட வெளையாடப் பிடிக்காம கட் பண்றானோன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவான்னு விட்டுட்டேன்" என்றான். இரண்டு பேரும் இப்படியே நினைத்துக்கொண்டு பத்து நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் இதை நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவளுக்கு இதிலெல்லாம் என்ன தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றும் தெரியாதுதான். ஆனால் வருகைப் பதிவேடு போடத் தெரியும்.

இணைய இணைப்பு கொடுக்கிறவர்கள் அனுப்பிய தம்பி வந்து பார்த்தார். லைன் நன்றாக இருக்கிறது என்றார், ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க, எதிர்வீட்டில் நீளமான லேன் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கி, ரூட்டரிலிருந்து கேம் பெட்டிக்கு வீட்டின் குறுக்கே இழுத்துச் செருகினேன். அன்று ஒரு தடங்கலும் இல்லை. அப்படியானால் லைனில் கோளாறு இல்லை, பெட்டியிலும் இல்லை, விளையாட்டு நடத்துகிறவர்களின் சர்வரிலும் இல்லை. ரூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற காற்றில்தான் ஏதோ இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தொல்லை வந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு நோட்டு போட்டேன். தேதி, விளையாட ஆரம்பித்த நேரம், அறுந்த நேரம். ஒன்பது நாள் எழுதினேன். எட்டு நாள் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் அறுந்திருந்தது. ஒரு நாள் மட்டும் அறுபடவே இல்லை. அன்றைக்கு என்ன விசேஷம் என்று யோசித்தேன். அன்று மருமகளுக்கு வங்கியில் வேலை முடிய நேரமாகிவிட்டது. வரும் வழியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இட்லி பார்சல் வாங்கி வந்தாள். அடுப்படியில் மைக்ரோவேவ் ஓவனை யாரும் தொடவில்லை.

எங்கள் ரூட்டர் இருந்தது ஃப்ரிட்ஜின் தலைமேல். அதற்கு ஒரு முழம் தள்ளி ஓவன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சாம்பார் சூடு பண்ணுகிற பெட்டிக்கும் கார் விளையாட்டுக்கும் என்ன பங்காளிச் சண்டை?

இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கும் ராடார் கருவிகளுக்கு மேக்னட்ரான் என்ற குழாயை அமெரிக்காவின் ரேதியான் கம்பெனி செய்துகொடுத்தது. அங்கே பெர்சி ஸ்பென்சர் என்று ஒரு பொறியாளர். தொடக்கப் பள்ளியைக்கூட முழுதாக முடிக்காதவர், எல்லாவற்றையும் தானாகப் படித்துக்கொண்டவர். 1945ல் ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் முன்னால் அவர் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. 1947ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், முந்நூறு கிலோவுக்கும் மேல் எடை. வீட்டு மேடையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக அது வந்தது 1967ல்.

இந்த அடுப்பும் ஒருவகை ரேடியோ நிலையம்தான். பாட்டு ஒலிபரப்பாது, அவ்வளவுதான் வித்தியாசம். என்னதான் இரும்புப் பெட்டிக்குள் அடைத்தாலும் கொஞ்சம் அலை வெளியே கசியும். பாதுகாப்பு அளவுக்குள்தான், பயப்பட வேண்டாம். அந்தக் கசிவு பக்கத்து ரேடியோக்களைக் கெடுக்குமே என்று அப்போதே கவலை வந்தது. 1947ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மாநாட்டில், தொழிற்சாலை, விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றில் இப்படி அலை எழுப்புகிற கருவிகளுக்கென்று சில துண்டு அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். அதில் ஒன்று 2450 மெகாஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டது. அந்த எண்ணில்தான் தண்ணீர் மூலக்கூறு அதிகம் ஆடும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நானும் ஒருமுறை அனுப்பியிருக்கிறேன், மன்னிக்கவும். தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுகிற அலைவரிசை அதைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், அந்தத் துண்டு புறம்போக்கு நிலம். பட்டா கிடையாது. யார் வேண்டுமானாலும் களம் அடிக்கலாம், மாடு கட்டலாம். தூசி பறக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் புகார் கொடுக்க முடியாது. சுமார் நாற்பது வருஷம் அந்த நிலத்தில் அடுப்புக்காரர்களும் அவர்களைப் போன்றவர்களும்தான் இருந்தார்கள்.

1985 மே மாதம் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு முடிவு எடுத்தது. ஆணையத்தில் வேலை பார்த்த மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் அதற்காகச் சில வருஷம் பாடுபட்டிருந்தார். ராணுவத்தில் ஒரு உத்தி இருந்தது. செய்தியை ஒரே அலைவரிசையில் அனுப்பாமல் அகலமாகப் பரப்பியோ, அல்லது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவியோ அனுப்புவது. அப்படி அனுப்பினால் இரைச்சலுக்கு நடுவிலும் செய்தி பிழைக்கும். (தாவி அனுப்பும் முறை ஒன்றுக்கு 1942லேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகை. கூட்டாளி ஓர் இசையமைப்பாளர். தானாக வாசிக்கும் பியானோவின் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்து யோசித்தார்கள்.) அந்த உத்தியைப் பயன்படுத்துவதாக இருந்தால் 902, 2400, 5725 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் மூன்று புறம்போக்குத் துண்டுகளையும் லைசன்ஸ் இல்லாமல் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்றது ஆணையம். நிபந்தனை இரண்டு. நீ யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது, உனக்கு இடைஞ்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

லைசன்ஸ் இல்லாமல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் வயதுக்காரர்களுக்குப் புரியும். நம் நாட்டில் 1933ஆம் வருஷத்துச் சட்டப்படி கம்பியில்லாக் கருவி எதை வைத்திருக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. வீட்டு ரேடியோவுக்குத் தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசன்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு வருவார் என் அப்பா. கேட்பதற்கே லைசன்ஸ் என்றிருந்த ஊரில், ஒலிபரப்புகிற கருவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொள்ள இன்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2400 மெகாஹெர்ட்ஸ் துண்டை லைசன்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2005 ஜனவரியில்.

நிலம் திறந்ததும் முதலில் குடியேறியவர்களில் கடைக்காரர்களுக்கு வேலை செய்தவர்களும் உண்டு. பில் போடும் மெஷின் செய்கிற என்.சி.ஆர். கம்பெனி, பெரிய கடைகளில் கல்லா மேஜையை நகர்த்தும்போதெல்லாம் தரையைத் தோண்டி ஒயர் மாற்றும் செலவைத் தவிர்க்க, நெதர்லாந்தில் இருந்த தன் பொறியாளர்களிடம் கம்பியில்லா இணைப்பைச் செய்யச் சொன்னது. அங்கிருந்த விக் ஹேஸ் என்பவர், எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொள்ளும் பொது விதியை எழுதும் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் பத்து வருஷம் அதை நடத்தினார். 802.11 என்ற அந்த விதி 1997ல் வெளியானது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999ல் 11 மெகாபிட் ஆனது. வைஃபை என்ற பெயர் அந்தச் சமயத்தில் விளம்பர ஆலோசகர்கள் வைத்தது. அதற்கு விரிவாக்கம் ஒன்றும் கிடையாது. பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு வருகிறேன். ரேடியோ அலை வீட்டுக்குள் நேராகப் போவதில்லை. சுவர், பீரோ, இரும்புக் கட்டில் எல்லாவற்றிலும் பட்டு எதிரொலிக்கும். ஒரே செய்தி கொஞ்சம் முன்னும் பின்னுமாகப் பல தடவை வந்து சேர்ந்தால் குழம்பிவிடும். கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசுவது புரியாதே, அது மாதிரி. இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டவர்கள் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் ஓ'சல்லிவன் குழுவினர். அவர் 1970களில் தேடிக்கொண்டிருந்தது வேறு. சின்னஞ்சிறு கருந்துளைகள் வெடித்தால் ஒரு ரேடியோத் துடிப்பு வரும் என்று ஸ்டீபன் ஹாக்கிங்கின் கருத்தை ஒட்டி எதிர்பார்த்தார்கள். அந்தத் துடிப்பு கிடைக்கவில்லை. ஆனால் கலங்கி வருகிற அலையைத் தெளிய வைக்கும் கணக்கில் அவருக்குக் கை பழகிவிட்டது. பின்னால் வீட்டுக்குள் எதிரொலிப் பிரச்சினை வந்தபோது அந்தப் பழக்கம் உதவியது. 1996ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வேகமான வைஃபை வகைகள் அந்த வழியைப் பயன்படுத்தின. வழக்குகளுக்குப் பிறகு அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த தொகை 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். தேடியது கிடைக்காத ஆராய்ச்சிக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எதிரொலிக்கு மருந்து கிடைத்தது. இரைச்சலுக்கு என்ன செய்வது? 1971ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த கணினி நிலையங்களை ரேடியோவால் இணைத்தார்கள். எந்த நிலையமும் நினைத்தபோது பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்பின்னாகக் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் வைஃபை. கூடுதலாக ஒரு நல்ல பழக்கம், பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். என் மூன்றாம் வகுப்பில் "டீச்சர் டீச்சர்" என்று நாற்பது பேரும் கத்தும்போது பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் கை தூக்கி நிற்குமே ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளை மாதிரி. ஓவன் ஓடினால் ரூட்டர் அப்படித்தான் நிற்கிறது. மீறிப் பேசினாலும் செய்தி கெட்டுப்போகிறது, திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது.

சினிமா பார்த்தால் இது தெரியாது. அடுத்து வரப்போகிற காட்சியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். கார் விளையாட்டில் அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்கே தெரியாது. முன்கூட்டி வாங்க எதுவும் இல்லை. அதனால்தான் "டிவில படம் நல்லாத்தானே ஓடுது, வைஃபை சரியாத்தான் இருக்கு" என்று எல்லோரும் ஏமாறுகிறோம்.

கேம் பெட்டிகளின் கதையும் கொஞ்சம். 1988லேயே ஜப்பானில் நிண்டெண்டோ தன் பெட்டிக்கு டெலிபோன் மோடம் விற்றது. அதில் பங்குச் சந்தை வியாபாரம்கூட நடந்தது. 1998ல் சேகாவின் டிரீம்காஸ்ட் மோடத்தை உள்ளேயே வைத்து வந்தது. பையன் விளையாடினால் வீட்டு டெலிபோன் எங்கேஜ்ட். 2001ல் மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் லேன் கேபிள் துளையோடு வந்தது, வைஃபை கிடையாது. அடுத்த எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வைஃபை வேண்டுமென்றால் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். உள்ளேயே வைத்துக் கொடுத்தது 2010ல்தான். 2006ல் வந்த நிண்டெண்டோ வீ நேர் எதிர். வைஃபை உள்ளே, கேபிள் வேண்டுமென்றால் தனிச் செலவு.

இதில் எனக்கு வருத்தம் தந்த கதை நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கப் பெட்டியுடையது. 2005ல் வைஃபை வழியாக உலகம் முழுக்கச் சேர்ந்து விளையாட அதில் வசதி செய்தார்கள். ஆனால் அதற்குத் தெரிந்த பூட்டு வெப் என்ற பழைய பூட்டு ஒன்றுதான். அந்தப் பூட்டை உடைக்க முடியும் என்று 2001லேயே மூன்று அறிஞர்கள் நிரூபித்துவிட்டார்கள். 2003லும் 2004லும் புதிய பூட்டுகள் வந்துவிட்டன. விளைவு, பிள்ளைக்குப் பெட்டி இணையவில்லை என்று அழுகை. இணைக்க வேண்டுமென்றால் வீட்டின் நல்ல பூட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பூட்டைப் போட வேண்டும். எத்தனை வீடுகளில் அப்படிச் செய்தார்களோ. 2014 மே 20 அன்று அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, எங்கள் வீடு. 2400 துண்டை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 13 சேனலாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வைஃபையும் இருபது மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு உட்காருவதால், ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றுதான். ஓவனின் 2450 இருப்பது எட்டாவது சேனலுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே. எங்கள் ரூட்டர் 11ல் இருந்தது. அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போய் 1க்கு மாற்றினேன். அறுபடுவது நின்றது, ஆனால் குரல் இன்னும் திக்கியது. அடுத்து, அதே ரூட்டரில் இருந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தனிப் பெயர் வைத்துப் பெட்டியை அதில் இணைத்தேன். அந்தத் துண்டு நம் நாட்டில் தாராளமாகத் திறந்தது 2018 அக்டோபரில்தான். இடம் நிறைய, ஓவன் தொல்லை இல்லை. ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது கொஞ்சம் பலவீனம். எங்கள் அடுப்படிச் சுவர் மாமனார் காலத்து ஒன்றரைச் செங்கல் சுவர். கதவு திறந்திருந்தால் நன்றாக வந்தது, சாத்தினால் இல்லை.

இதற்கு நடுவில் மருமகள் என் நோட்டைப் பார்த்துவிட்டாள். முகம் வாடிப்போய், "நான்தான் காரணமா அத்தை? அவங்க ரெண்டு பேரும் பேசுற நேரத்துலதான் நான் சூடு பண்ணிட்டு இருந்தேனா?" என்றாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஆறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வங்கிக்குப் போய், ஏழேகாலுக்கு வந்து அதைச் சூடு பண்ணிப் போடுகிறவள். இனி ஓவனே வேண்டாம், அடுப்பில் வைக்கிறேன் என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று அதட்டினேன். 1947ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடியவர்களைக் கேட்க வேண்டியதற்கு இவளை ஏன் கேட்க வேண்டும்?

இணைப்புக்கார தம்பியை மறுபடி கூப்பிட்டு, ஃபைபர் ஒயரை ஹாலுக்கு நீட்டச் சொன்னேன். ரூட்டர் இப்போது டிவி அலமாரியில். பெட்டிக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மீட்டர் லேன் கேபிள். 2017ல் நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்தபோது அதன் தாங்கியில் கேபிள் துளை இல்லை, 2021ல் புது மாடலில் வைத்துவிட்டார்கள். கம்பியை விட்டுப் போனவர்களே திரும்பி வந்திருக்கிறார்கள், எனக்கென்ன வெட்கம்?

நோட்டைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒன்பது வரியையும் விரலை வைத்துப் படித்தான். "அப்ப அப்பா கட் பண்ணலையா?" என்றான். நோட்டைப் போட்டோ எடுத்து அவனே சிங்கப்பூருக்கு அனுப்பினான்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஏழு நாற்பதுக்கு ஓவன் ஓடியது, ஹாலில் கார் ஓடியது. ஒன்பது மணி வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இவனை ஏதோ பெயர் வைத்துக் கூப்பிடுகிறானாம். அது எனக்கு நேற்றுத்தான் தெரியும், அதுவும் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால்.

வைஃபை துறையில் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். தப்பு எதுவும் இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். மார்க் குறைக்க மாட்டேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு நானே குறைத்துக்கொள்வேன்.

அம்மன் காசு அடுத்த மாதம் கட்டாயம் வரும்.